பதினாறு வில்லைகளுக்கு எதிரே ஒரு சீட்டு

சீட்டாட்டத்தில் ‘இது நல்ல சீட்டு’ என்று சொல்ல யாருக்கும் நேரமாகாது. எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். இருவர் மோதும் ஆட்டத்தில் விடை ஓரளவு தெளிவு: எதிராளியை வீழ்த்த உதவுவது நல்ல சீட்டு. ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993இல் வெளிவந்த ‘மேஜிக்’ ஆட்டத்தில் அரிய சீட்டுகளுக்குச் சந்தை விலையே உண்டு. அந்த விலையும் ஒருவகை மதிப்பீடுதான். ஆனால் எதிராளி என்று யாருமே இல்லாமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்று ஆட்டத்தையே எதிர்த்து ஆடும்போது எதை அளவுகோலாகக் கொள்வது? அந்த ஆட்டம் திகில் ஆட்டமாகவும் இருந்து, நாம் தோற்பதையே இயல்பான முடிவாக வைத்துக்கொண்டிருந்தால்?

இந்தக் கேள்வியை ஆராய ‘ஆர்க்கம் ஹாரர்: தி கார்டு கேம்’ நல்ல களம். நேட் ஃபிரெஞ்ச், எம்.ஜே. நியூமன் இருவரும் வடிவமைத்த இதை அமெரிக்காவின் ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்டது. எச்.பி. லவ்கிராஃப்ட் (1890–1937) தம் கதைகளுக்காகக் கற்பனை செய்த ஆர்க்கம் என்ற மாசசூசெட்ஸ் ஊர், 1920களின் காலம், மனிதப் புத்திக்கு எட்டாத பழம்பெரும் சக்திகள். இவற்றுக்கு நடுவே ஆளுக்கொரு துப்பறிவாளராக நாம் நுழைகிறோம். வாங்கும் பெட்டியில் எந்தச் சீட்டுகள் இருக்கும் என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். குலுக்கல் முறையில் அரிய சீட்டு கிடைப்பது என்ற பேச்சே இல்லை. எனவே சந்தை விலை இங்கே எதையும் சொல்லாது. சீட்டின் மதிப்பை மேசைக்குள்ளேயே தேட வேண்டும்.

என் வாதம் இது: ஒரு சீட்டின் மதிப்பை அது மிச்சப்படுத்தித் தரும் செயல்களால் அளக்க வேண்டும், அந்த மிச்சம் எவ்வளவு என்பது பையில் கிடக்கும் வில்லைகளையும், ஆடுபவர் அப்போது நிற்கும் அறையையும், பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் பொறுத்து ஏறி இறங்கும். சீட்டைத் தனியாகக் கையில் எடுத்துப் படித்து அதற்கு மதிப்பெண் போடுவது பெரும்பாலும் வீண்வேலை.

முதலில் நாணயம். ஒரு சுற்றில் ஒருவருக்கு 3 செயல்கள். நகர்வது, துப்பறிவது, சண்டையிடுவது, தப்பிப்பது, ஒரு சீட்டை இறக்குவது எல்லாமே ஒவ்வொரு செயல். ஒரு செயலைக் கொடுத்து ஒரு சீட்டு எடுக்கலாம். ஒரு செயலைக் கொடுத்து ஒரு காசு எடுக்கலாம். ஆக, ஒரு சீட்டு, ஒரு காசு, ஒரு செயல் மூன்றையும் ஆட்டமே சமமாக வைத்திருக்கிறது. சுற்றுக்கு ஒரு சீட்டும் ஒரு காசும் இலவசமாகவே வருகின்றன என்றாலும் அடிப்படை மாற்று விகிதம் அதுதான். ‘எமர்ஜென்சி கேஷ்’ என்ற எளிய சீட்டை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். இறக்க ஒரு செயல், சீட்டே ஒரு செயலுக்குச் சமம். கிடைப்பது 3 காசு. இரண்டைக் கொடுத்து மூன்றை வாங்குகிறோம், நிகர ஆதாயம் ஒன்று. மோசமில்லை, பிரமாதமும் இல்லை.

இந்த நாணயத்துக்குத் தட்டுப்பாடு உண்டாக்குவது கடிகாரம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு கேடு வில்லை சேரும் (முதல் சுற்றுக்கு மட்டும் விலக்கு). தொடக்கப் பெட்டியின் முதல் கதையான ‘தி கேதரிங்’கில் எதிர்த்தரப்பின் மூன்று கட்டங்கள் முறையே 3, 7, 10 கேடுகளில் நிறைகின்றன. இடையில் எதுவும் கெட்டுப்போகாவிட்டால் ஒருவருக்கு அதிகபட்சம் 20 சுற்று, 60 செயல். நடைமுறையில் அவ்வளவு கிடைப்பதில்லை; கடிகாரத்தைத் தள்ளிவிடும் சீட்டுகள் எதிர்க்கட்டில் காத்திருக்கின்றன. ‘லியோ டி லூக்கா’ என்ற கூட்டாளியின் விலை 6 காசு. இறக்கினால் சுற்றுக்கு ஒரு செயல் கூடுதலாக வரும். 2ஆம் சுற்றில் வந்தால் அவர் பொக்கிஷம். 15ஆம் சுற்றில் வந்தால், போட்ட காசுக்குக்கூடக் கட்டுப்படியாகாது.

இனி பை. சண்டையோ துப்பறிதலோ எதைச் செய்தாலும் நம் திறன் எண்ணை எதிரே உள்ள இலக்கு எண்ணோடு ஒப்பிட்டு, குழப்பப் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் கூட்டியோ கழித்தோ பார்க்க வேண்டும். இந்த முதல் கதைத்தொடரை நடுத்தரக் கடினத்தில் ஆடினால் பையில் 16 வில்லைகள்: +1 ஒன்று, 0 இரண்டு, –1 மூன்று, –2 இரண்டு, –3 ஒன்று, –4 ஒன்று, மண்டையோடு இரண்டு, சதிக்கூட்டத்தான் ஒன்று, கல்பலகை ஒன்று, மூத்தோர் குறி ஒன்று, எதையும் பாராமல் தோற்கடிக்கும் சிவப்பு வில்லை ஒன்று. முதல் கதையில் மண்டையோட்டுக்கு மதிப்பு அந்த அறையிலுள்ள பிணந்தின்னிகளின் எண்ணிக்கை, சதிக்கூட்டத்தான் –1, கல்பலகை –2.

இதை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பார்ப்பவருக்கு ஆட்டத்தின் பாதி விளங்கிவிடும். பிணந்தின்னி இல்லாத அறையில் திறனும் இலக்கும் சமமாக இருந்தால் 16இல் 6 வில்லைகள் மட்டுமே காப்பாற்றும்: 37.5 சதவீதம். திறன் ஒன்று கூடினால் 10 வில்லைகள், 62.5 சதவீதம். இரண்டு கூடினால் 13, அதாவது 81 சதவீதத்துக்குச் சற்று மேல். மூன்று கூடினால் 14. நான்கு கூடினால் 15. அதற்குமேல் எவ்வளவு கூட்டினாலும் சிவப்பு வில்லை ஒன்று அப்படியே இருக்கும். முதல் புள்ளி 25 சதவீதப் புள்ளிகளைத் தருகிறது, இரண்டாவது ஏறத்தாழ 19, மூன்றாவதும் நான்காவதும் தலா 6 சொச்சம். ‘+1 தரும் சீட்டு’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லை என்பதற்கு இந்த வரிசை போதும். அந்த +1 எத்தனையாவது புள்ளி என்பதே கேள்வி.

‘அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்’ என்ற சீட்டு எந்தச் சோதனைக்கும் இரண்டு புள்ளி கூட்டும். சமநிலையில் நிற்பவர் அதைப் போட்டால் வெற்றி வாய்ப்பு 37.5இலிருந்து 81.25க்குத் தாவுகிறது, ஏற்கெனவே இரண்டு புள்ளி மேலே நிற்பவர் போட்டால் 93.75க்கு நகர்கிறது. முதல் ஆதாயம் இரண்டாவதைப் போல மூன்றரை மடங்கு. புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். பலமாக இருக்கும் இடத்தில் இன்னும் பலம் சேர்ப்பதில் மனத்துக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. திகில் ஆட்டம் அந்த நிம்மதிக்குத்தான் விலை வைக்கிறது.

‘லக்கி!’ என்ற சீட்டும் இரண்டு புள்ளிதான் கூட்டுகிறது, அதற்கு 1 காசு வேறு. ஆனால் வில்லையை எடுத்த பிறகு, தோற்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு இறக்கலாம். முன்னது தேவைப்படாமலே செலவாகிவிடலாம். பின்னது தேவை வந்தால் மட்டுமே கையைவிட்டுப் போகும். தகவலுக்கு ஒரு காசு கொடுப்பது மலிவான பேரம் என்பது என் கருத்து. இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘லுக் வாட் ஐ ஃபவுண்ட்!’ ஒருபடி மேலே போகிறது: துப்பறிவதில் இரண்டு புள்ளிக்குள் தோற்றால் 2 காசுக்கு 2 துப்புகள் கைக்கு வரும். வெற்றியே ஒரு துப்புதான் தரும். தோல்வி இரண்டைத் தருகிறது. தெருவில் வாழும் சிறுமி வெண்டி ஆடம்ஸ் இந்த வகைச் சீட்டுகளோடு ஆடும்போது, தோல்வியையும் கணக்கில் சேர்த்தே கட்டு அடுக்க முடிகிறது.

அறையும் மதிப்பை மாற்றும். ரோலண்ட் பேங்க்ஸ் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரியை எடுத்துக்கொள்வோம். மனத்திடம் 3, அறிவு 3, சண்டை 4, சுறுசுறுப்பு 2. உடல் 9 அடி தாங்கும், மனம் 5 மட்டுமே தாங்கும். ‘ஒர்க்கிங் எ ஹன்ச்’ என்ற சீட்டு 2 காசுக்கு, செயலும் சோதனையும் இல்லாமல், நிற்கும் இடத்திலுள்ள ஒரு துப்பைக் கையில் தரும். சீட்டையும் சேர்த்து மூன்று செயல் விலை. முதல் கதையின் பரணில் துப்பறியும் கடினம் 1. ரோலண்ட் அங்கே 81 சதவீத வாய்ப்போடு தேடுவார். சராசரியாக ஒன்றேகால் செயலில் கிடைப்பதற்கு மூன்று கொடுப்பது நட்டம். நிலவறையில் கடினம் 4. அங்கே அவரைக் காப்பாற்றுவது +1 வில்லையும் மூத்தோர் குறியும் மட்டுமே, 16இல் 2. ஒரு துப்புக்குச் சராசரி 8 செயல்! அதே சீட்டு அங்கே ஐந்து செயலை மிச்சப்படுத்துகிறது. கடினத்தில் இரண்டைக் குறைக்கும் ‘ஃபிளாஷ்லைட்’ நிலவறையில் வாய்ப்பை 12.5இலிருந்து 62.5க்கு ஏற்றிவிடுவதையும் கவனியுங்கள். 2 காசு விலையுள்ள கைவிளக்கு அது. மூன்று முறை பயன்படும்.

ஆனால் மேசையில் நூலகர் டெய்சி வாக்கரும் இருந்தால்? அவருக்கு அறிவு 5. நிலவறையில் அவர் வெறுங்கையோடு 62.5 சதவீதத்தில் தேடுவார். ரோலண்டின் கட்டிலிருந்த அருமையான சீட்டு கூட்டாளி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் சாதாரணச் சீட்டாகிவிட்டது. ‘இந்தச் சீட்டு எப்படி?’ என்று கேட்பவரிடம், ‘உங்களோடு யார் ஆடுகிறார்கள்?’ என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில்.

முதல் கதையின் முடிவில் வரும் பிணந்தின்னிப் பூசாரியை வைத்து ஆயுதங்களைச் சோதித்துப் பார்ப்போம். மதிப்பீட்டின் நுட்பம் எல்லாம் அங்கே கூடிவருகிறது. சண்டை இலக்கு 4. தனியாள் ஆட்டத்தில் உயிர் 5. குறி தவறினால் உடனே திருப்பி அடிப்பான்: உடலில் 2, மனத்தில் 2. மனம் 5 மட்டுமே தாங்கும் ரோலண்ட், துணையில்லாமல் நின்றால், மூன்றாவது தவறில் கதையிலிருந்தே வெளியேறுவார். அதன் தழும்பு அடுத்த கதைக்கும் கூடவே வரும்.

.45 ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் 4 குண்டுகள். சண்டைக்கு ஒரு புள்ளி கூடுகிறது, பட்டால் 2 காயம். குறி தவறினாலும் குண்டு போனது போனதுதான். ஒரு குண்டுக்கு வாய்ப்பு 62.5 சதவீதம். நான்கு குண்டில் சராசரிக் காயம் 5 என்று கணக்கு வருகிறது. பூசாரியின் உயிரும் 5. சரியாகப் பொருந்துகிறதே என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சராசரியை நம்பக் கூடாது. 5 உயிரை 2 காயத் துப்பாக்கியால் எடுக்க மூன்று குண்டுகள் பட வேண்டும். நான்கில் மூன்றாவது படுவதற்கு வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான். இடையே அவன் திருப்பி அடிப்பது வேறு.

ரோலண்டின் சொந்த .38 துப்பாக்கியும் 4 குண்டு, 2 காயம்தான். நிற்கும் இடத்தில் துப்பு மிச்சமிருந்தால் மட்டும் சண்டைக்கு மூன்று புள்ளி கூடும். அப்போது ஒரு குண்டுக்கு 87.5 சதவீதம், நான்கில் மூன்று படும் வாய்ப்பு 92க்கு ஏறுகிறது. இதிலிருந்து ஒரு தந்திரம் பிறக்கிறது. தனியாள் ஆட்டத்தில் கதையின் தடையைத் தாண்ட 3 துப்புகள் போதும். பரணிலும் நிலவறையிலும் சேர்த்து 4 இருக்கின்றன. நான்காவதை எடுக்காமல் விட்டுவைத்து, பூசாரியோடு அந்த அறையில் மோதலாம். துப்பைக் காலி செய்த அறை அனுபவப் புள்ளி தரும் என்பதால் அதை இழக்கும் அபாயம் உண்டு. உயிரோடு கதையைக் கடப்பதற்காக ஒரு புள்ளியைப் பணயம் வைக்கலாம் என்பேன்.

ஆனால் .38 கட்டில் ஒரே ஒரு பிரதி. தொடக்கக் கையில் 5 சீட்டுகள். பிடிக்காதவற்றை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பலவீனச் சீட்டுகள் தொடக்கக் கையில் தங்காது என்பதால், 30 சீட்டும் இந்தத் துப்பாக்கியும் சேர்ந்த 31இல்தான் தேடுகிறோம். அதை மட்டுமே நினைத்து ஐந்தையும் மாற்றினாலும் ஆரம்பத்தில் கையில் இருக்கும் வாய்ப்பு 32 சதவீதம். இரண்டு பிரதியுள்ள சீட்டுக்கோ ஏறத்தாழ 55. ஒரே பிரதியை நம்பித் திட்டம் போடும் கட்டு மூன்று ஆட்டத்தில் இரண்டில் திட்டமில்லாமல்தான் தொடங்கும். ஆகவே .45ஐ நம்பத்தக்கதாக்கும் சீட்டுதான் உண்மையில் தேவை.

‘பீட் காப்’ என்ற ரோந்துக் காவலர் சீட்டு அதைச் செய்கிறது. 4 காசு. களத்தில் இருக்கும்வரை சண்டைக்கு ஒரு புள்ளி. உடலுக்கு 2, மனத்துக்கு 2 அடிகளை நமக்குப் பதிலாக வாங்கும். விலக்கிவிட்டால் எதிரிக்கு 1 காயம். அவர் பக்கத்தில் நின்றால் .45இன் வாய்ப்பு குண்டுக்கு 81 சதவீதமாகி, பூசாரியை நான்கு குண்டில் முடிக்கும் வாய்ப்பு 52இலிருந்து 84க்குப் போகிறது. துப்பருகே நின்று சுடும் .38க்கு அதே காவலர் தரும் உயர்வு 92இலிருந்து 98. ஒரே சீட்டு, ஒரே எதிரி, ஒரே ஆள். கையிலுள்ள துப்பாக்கியைப் பொறுத்து ஆதாயம் 32 புள்ளியாகவோ 6 புள்ளியாகவோ ஆகிறது.

பீட் காப் தரும் அந்த 1 காயத்தையும் சிறிதாக எண்ண வேண்டாம். இந்த ஆட்டத்தில் பல எதிரிகளின் உயிர் ஒற்றைப்படையில் நிற்கிறது. 3 உயிருள்ள பிணந்தின்னிக்கு 2 காயத் துப்பாக்கியால் இரண்டு குண்டு வேண்டும். இரண்டாவது குண்டில் பாதி வீண். ‘விஷியஸ் ப்ளோ’ செயலும் காசும் கேட்காமல் அந்தக் குறையை நிரப்பும், குண்டையும் மிச்சம் பிடிக்கும்.

சீட்டின் குறை ஒருவருக்குக் கேடாகவும் இன்னொருவருக்குக் கருவியாகவும் இருப்பது திகில் ஆட்டத்துக்கே உரிய அழகு. ‘ஷ்ரிவலிங்’ என்ற மந்திரம் மனத்திடத்தால் சண்டையிட வைக்கும்; ஆனால் மண்டையோடு, சதிக்கூட்டத்தான், கல்பலகை, சிவப்பு வில்லை இவற்றில் ஒன்று வந்தால் மனத்தில் 1 அடி. இந்தப் பையில் அது 16க்கு 5. உணவகப் பணிப்பெண் ஆக்னஸ் பேக்கரின் தனித்திறன் என்ன தெரியுமா? அவர் மனத்தில் அடி விழும்போது பக்கத்திலுள்ள எதிரிக்கு 1 காயம் கொடுக்கலாம். அவர் மனம் 8 தாங்கும். வேறொருவர் அஞ்சும் ஐந்து வில்லைகள் அவர் கையில் கூடுதல் ஆயுதம்.

கூட்டத்தின் அளவு மாறினாலும் மதிப்பு மாறும். ‘மச்செட்டி’ என்ற வெட்டுக்கத்திக்குக் குண்டு தீராது, விலை 3 காசுதான். தனியாள் ஆட்டத்தில் இதைவிட நம்பகமான ஆயுதம் தொடக்கப் பெட்டியில் இல்லை. ஆனால் வெட்டப்படும் எதிரி நம்மோடு மட்டும், அதுவும் ஒருவனாக, பிணைந்திருந்தால்தான் கூடுதல் காயம். நண்பரைப் பிடித்திருக்கும் எதிரியை வெட்ட வேண்டுமென்றால் முதலில் ஒரு செயலைக் கொடுத்து நம் பக்கம் இழுக்க வேண்டும். இழுக்காமல் தாக்கிக் குறி தவறினால் காயம் நண்பர்மேல் விழும். நால்வர் ஆட்டத்தில் துப்பாக்கியின் மதிப்பு ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

ஆக்னஸ் எடுத்துக்கொள்ளக்கூடிய ‘வார்டு ஆஃப் புரொடெக்‌ஷன்’ இன்னும் துல்லியமான உதாரணம். நாம் எடுத்த எதிர்ச்சீட்டின் தீங்கை 1 காசுக்கும் மனத்தில் 1 அடிக்கும் ரத்து செய்யும். ‘ஏன்ஷியண்ட் ஈவில்ஸ்’ ஒரு கேட்டைக் கூட்டி ஒரு சுற்றையே விழுங்கும் எதிர்ச்சீட்டு. தனியாள் ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது 3 செயல். நால்வர் ஆட்டத்தில் 12. ஆளுக்குச் சுற்றுக்கு ஒரு எதிர்ச்சீட்டுதான் என்பதால், ஆக்னஸ் அதை எடுக்கும் வாய்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ரத்து செய்யும்போது கிடைக்கும் பலன் மட்டும் நான்கு மடங்கு. மற்ற மூவர் எடுப்பதை அவரால் தடுக்க முடியாது என்பதால் தேவையும் பெருகிவிடுகிறது.

எதிராளியே இல்லாத ஆட்டத்தில் அளவுமீறிப் பலமான சீட்டு இருந்தால்தான் என்ன என்று தோன்றலாம். வடிவமைப்பாளர்கள் அப்படி நினைக்கவில்லை. 2019இல் சில சீட்டுகளின் அனுபவ விலையை ஏற்றியும் சிலவற்றின் விதியை மாற்றியும் ஒரு தடைப் பட்டியலை வெளியிட்டார்கள். விரும்புகிறவர்கள் கடைப்பிடிக்கலாம், கட்டாயமில்லை. எல்லாக் கட்டிலும் ஒரே பத்துச் சீட்டுகள் இடம்பிடித்துவிட்டால் மற்ற நூற்றுக்கணக்கான சீட்டுகளை யாரும் தொடமாட்டார்கள். அந்தப் பட்டியலை நான் ஆதரிக்கிறேன். ஒருவர் எல்லாவற்றையும் தாமே செய்துவிடும் கட்டு மேசையில் இருந்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களாகிவிடுகிறார்கள். கூட்டு ஆட்டத்தில் அதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

வேறு கதைத்தொடர்களில் வில்லைகளின் கலவை வேறு, எதிரிகளின் குணமும் வேறு. மேலே தந்த எண்கள் அங்கே பொருந்தாது, கணக்குப் போடும் முறை பொருந்தும். பின்னர் வந்த திருத்திய தொடக்கப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு ரோலண்டுக்குக் கட்டு அடுக்க உட்காருகிறவர் முதலில் பீட் காப் இரண்டு பிரதியையும் எடுத்து வைக்கட்டும். அடுத்து மச்செட்டியும் விஷியஸ் ப்ளோவும் இரண்டிரண்டு. நால்வர் ஆட்டமென்றால் மச்செட்டிக்கு முன்னால் .45. டெய்சி மேசையில் இல்லாத நாட்களில் ஃபிளாஷ்லைட் இரண்டையும் சேர்க்க வேண்டும். இருக்கும் நாட்களில் அந்த இடத்தைத் தயங்காமல் ‘கார்டு டாக்’ என்ற காவல் நாய்ச் சீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.